காலி மனையில் வாடகை வீடு கட்டலாமா? ஒரு அஞ்சலகக்காரியின் கணக்கு

"மனை சும்மாதானே கிடக்கு அத்தை, நாலு போர்ஷன் கட்டி விட்டா மாசாமாசம் வாடகை வருமே" என்று என் அண்ணன் மகன் ஓசூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் சொல்வான். மதுரை ஒத்தக்கடையில் 5 செண்ட் மனை இருக்கிறது. அண்ணன் 1998-இல் வாங்கிப் போட்டது. இரண்டு தெரு தள்ளி நான் என் வீட்டை ஒட்டியே மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஓய்வு பெறும் வரை அஞ்சலகக் கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்களின் சேமிப்பை எண்ணி வாங்கியவள். ஆகவே வட்டிக் கணக்கும் தெரியும், வாடகைக் கணக்கும் தெரியும். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்கள் எல்லாம் ஒத்தக்கடை எண்கள். உங்கள் ஊர் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "சும்மா கிடக்கு" என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். மனை சும்மா கிடந்தாலும் அதன் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கும். வீடு கட்டினாலும் அதே ஏற்றம்தான். பலர் "பத்து வருஷத்தில் இடம் மூன்று மடங்கு ஆகிவிட்டது, வீடு கட்டியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று" என்பார்கள். ஏறியது இடம்; கட்டடத்துக்கு வயதுதான் ஏறியது. இருபது வருடமான வாடகை வீட்டை விற்கப் போனால், தரகர் நிலத்துக்கு ஒரு விலை சொல்லிவிட்டு கட்டடத்துக்கு மேலாகக் கொஞ்சம் போட்டுத் தருகிறேன் என்பார், அவ்வளவுதான். எனவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கட்டடத்தில் போடப் போகும் பணம், வேறு எங்கேயாவது போட்டால் வருவதைவிட உருப்படியாகத் திரும்பி வருமா?

நிலம் உங்களுடையதுதானா

சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு இதற்கு நேரான பதில் இல்லை. அண்ணன் மகன் "என் மனை" என்கிறான். அண்ணன் உயில் எழுதாமல் போய்விட்டார். அவர் சம்பாதித்து வாங்கிய சொத்து என்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அண்ணனின் அம்மா, அதாவது என் அம்மா, அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு வந்திருக்கும். ஆக இவனுக்கு மூன்றில் ஒரு பங்குதான். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை இன்றைக்கு "அண்ணா, நீயே கட்டிக்கோ" என்று சொல்லலாம். நாலு போர்ஷனிலும் வாடகை வர ஆரம்பித்து, அவள் வீட்டிலும் ஒரு கல்லூரிச் செலவு வந்து நிற்கும்போது அதே பேச்சு இருக்குமா? அவளைக் குறை சொல்ல மாட்டேன், அது அவள் பங்கு.

பொது நிலத்தில் ஒருவர் பணம் போட்டுக் கட்டினால், பிறகு நிலத்தைப் பிரிப்பது எளிது, கட்டடத்தைப் பிரிப்பது பெரும்பாடு. ஆகவே வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்னால், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிவாகிவிட வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை சலுகை உண்டு, அதற்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. பத்திர எழுத்தரிடம் கேட்டால் அன்றைய தொகையைச் சொல்வார். தங்கைக்குப் பங்குக்கு ஈடாக என்ன கொடுப்பது என்பதையும் அந்த நேரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம் வழக்கமான காகிதங்கள். வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் சர்வேயரை வைத்து மூலைக்கல்லைச் சரிபாருங்கள். வருடக்கணக்கில் பூட்டாமல் கிடந்த மனையில் பக்கத்து வீட்டுக்காரரின் சன்ஷேடோ சுவரோ அரை அடி உள்ளே வந்திருப்பது ரொம்ப சகஜம். மனைப்பிரிவு அனுமதி பெற்றதா என்பதும் முக்கியம். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி வரன்முறை செய்த ஆணை கையில் இல்லாவிட்டால் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கியும் கடன் தராது.

இன்னொன்றையும் பாருங்கள். மதுரையைச் சுற்றிலும் கண்மாய்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர், நரிமேடு பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். மனையை ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோடையில் பார்க்கும்போது எல்லா இடமும் மேடுதான்.

யார் குடிவருவார்கள்

இதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். வீட்டைக் கட்டி, பெயிண்ட் அடித்து, டு-லெட் போர்டு மாட்டிய பிறகு "யாரும் வரலையே" என்கிறார்கள்.

ஒத்தக்கடையில் வீடு தேடுபவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்ததிலிருந்து இளம் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், கோர்ட் ஊழியர்கள். வேளாண்மைக் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டை நம்பிப் பிழைக்கும் கடைக்காரர்கள், பஸ் ஊழியர்கள். இவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரு படுக்கையறை வீடு, 6,000-லிருந்து 7,000 வாடகைக்குள். இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம், 11,000 வாடகை என்று கட்டினால் அதற்கு ஆள் கிடைக்காமல் இல்லை. ஆனால் அவ்வளவு கொடுப்பவர் மதுரைக்குள் இருக்கும் கே.கே.நகர், அண்ணாநகர் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார், பாதிப் பேர் அங்கேயே தங்கிவிடுவார்.

உங்கள் இடத்துக்கு இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. சாயங்காலம் மனையைச் சுற்றி அரைக் கிலோமீட்டர் நடங்கள். டு-லெட் போர்டு எத்தனை தொங்குகிறது, அது புதிதா, வெயிலில் வெளுத்துப்போனதா என்று பாருங்கள். வெளுத்த போர்டில் உள்ள எண்ணுக்கு வாடகைக்கு வருபவரைப் போலவே போன் செய்து வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் எல்லாம் கேளுங்கள். வீட்டுக்காரர் முதலில் சொல்லும் தொகையையும், "கொஞ்சம் குறைங்க சார்" என்றதும் இறங்கும் தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்தான் உங்கள் கணக்குக்கு உரியது. பிறகு மளிகைக் கடை அண்ணாச்சி, தண்ணீர் கேன் போடும் பையன், இஸ்திரி வண்டிக்காரர். எந்த வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, ஏன் காலி செய்தார்கள் என்பதெல்லாம் இந்த மூவருக்குத் தெரியும். தரகரிடம் கேட்காதீர்கள். எங்கே கட்டினாலும் உடனே போய்விடும் என்றுதான் சொல்வார்.

வாடகைக்கு ஒரு பருவம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் பள்ளி மாறுபவர்களும் வேலை மாறுபவர்களும் தேடி வருவார்கள். ஆனி கடைசியில் ஒரு வீடு காலியானால் ஆடி முழுக்க பூட்டிக்கிடக்கும். நம் ஊரில் ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? மார்கழியும் அப்படித்தான். எனவே வருடத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை என்று கணக்குப் போடாதீர்கள். பதினொன்று போடுங்கள்.

போர்டில் "சைவம் மட்டும்" என்று எழுதுவதும், வருபவரிடம் சுற்றி வளைத்து ஜாதி கேட்பதும் எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. நான் கேட்பதில்லை, அது கேவலம் என்று நினைக்கிறேன். கணக்காகப் பார்த்தாலும் வரக்கூடியவர்களில் பாதிப் பேரைப் போர்டே துரத்திவிடுகிறது.

செலவும் வரவும்

இப்போது அண்ணன் மகன் கேட்ட நாலு போர்ஷன். 5 செண்ட் என்றால் 2,178 சதுர அடி. கீழே இரண்டு, மேலே இரண்டு, ஒவ்வொன்றும் 500 சதுர அடி, மாடிப்படிக்கு 150. மொத்தம் 2,150 சதுர அடி. பொருளோடு சேர்த்து எங்கள் பக்கம் கான்ட்ராக்டர்கள் சொல்வது சதுர அடிக்கு 2,300 ரூபாய். அது 49 லட்சத்து 45 ஆயிரம். ஆனால் அந்த 2,300-இல் அடங்காதவை ஒரு பட்டியல் உண்டு, பேச்சில் அதைச் சொல்ல மாட்டார்கள்: போர், மோட்டார், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், வாசல் தளம், நாலு மின் இணைப்பு, வரைபடம், அனுமதிக் கட்டணம், கட்டடத் தொழிலாளர் நல நிதி. இதற்கு ஐந்தரை லட்சம் வைத்தால் கூட்டுத்தொகை 55 லட்சம். செம்மண், பாறை உள்ள இடத்தில் இது சரி. திருமங்கலம் பக்கம் மாதிரி கரிசல் மண் என்றால் அஸ்திவாரமே தனிச் செலவு, இன்ஜினியர் மண் பரிசோதனை செய்து சொல்லாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

வரவு: போர்ஷனுக்கு 6,500 வீதம் மாதம் 26,000. பதினொரு மாதத்துக்கு 2,86,000. சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் எடுக்கும் லாரி, ஆள் மாறும்போதெல்லாம் பெயிண்ட், குழாய், பூட்டு என்று வருடத்துக்கு 36,000 எடுத்து வையுங்கள். சில வருடம் அவ்வளவு ஆகாது, மொட்டை மாடிக்குத் தட்டோடு மாற்றும் வருடம் அது போதாது. மிச்சம் 2,50,000. 55 லட்சத்தில் இது நாலரை சதவீதம்.

எதிர்ப்பக்கம் என் கவுண்டர் கணக்கு. அண்ணிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரில் 30 லட்சம் வரை போடலாம். நான் இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், வருடத்துக்கு 2,46,000. அதாவது 55 லட்சத்துக்கு வீடு கட்டி, நாலு குடும்பத்தோடு மாரடித்து வருவதும், 30 லட்சத்தை அஞ்சலகத்தில் போட்டுவிட்டு அண்ணி டிவி பார்த்துக்கொண்டிருந்தால் வருவதும் ஏறத்தாழ ஒன்று. இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சரி, அப்படியென்றால் யாரும் வீடே கட்டக் கூடாதா? அப்படியும் இல்லை. வட்டி ஏறாது, வாடகை ஏறும். வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் இன்றைய 26,000 பத்து வருடத்தில் 42,000-க்கு மேல். பராமரிப்பையும் கூட்டிக் கழித்தால் அப்போது அதே 55 லட்சத்துக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் வரும், அதற்குப் பிறகும் ஏறும். அஞ்சலகத்திலோ ஐந்து வருடம் முடிந்து புதுப்பிக்கும்போது வட்டி என்னவாக இருக்குமோ, அதுதான். அறுபது வயது ஆகாதவர்களுக்கு 8.2-உம் இல்லை, மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதம், அதுவும் ஒருவர் பெயரில் 9 லட்சம் வரைதான். வங்கி வைப்பில் பெரும்பாலும் அதைவிடவும் குறைவு. ஆகவே நாற்பது வயதுக்காரர், சொந்தப் பணம், பதினைந்து வருடத்துக்கு அந்தப் பணம் தேவைப்படாது என்றால் கட்டடம் ஜெயிக்கும். அறுபத்தைந்து வயதில் ஓய்வூதியப் பணத்தைக் கொட்டிக் கட்டினால், வாடகை நன்றாக ஏறும் காலத்தில் அனுபவிக்கப் போவது பிள்ளைகள். அது தெரிந்தே செய்தால் தப்பில்லை.

நிலத்தின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று கேட்பார்கள். விற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் சேர்த்தே ஆக வேண்டும். செண்ட் 7 லட்சம் என்றால் 35 லட்சம். கட்டடத்தோடு 90 லட்சம். 2,50,000 என்பது அதில் மூன்று சதவீதம்கூட இல்லை. "அப்பா வாங்கிய இடம், விற்கவே மாட்டேன்" என்பவர் நிலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வருமான வரியைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டியதில்லை. வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கு என்று சட்டமே கழித்துக்கொடுக்கிறது; பில் எதுவும் காட்ட வேண்டாம்.

கடன் வாங்கிக் கட்டலாமா

40 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700. வாடகை 26,000. மாதம் எட்டாயிரத்துக்கு மேல் கையைக் கடிக்கும், அதுவும் நாலு வீடும் நிரம்பியிருக்கும் மாதத்தில். வீடு கட்டி முடியும்வரை வாடகையே இல்லை, ஆனால் வங்கி கட்டம் கட்டமாகக் கொடுத்த தொகைக்கு வட்டி ஓடும். "வட்டிக்கு வரிச்சலுகை உண்டே" என்பார்கள். வாடகைக்கு விட்ட வீட்டில் வட்டியைக் கழித்து நஷ்டம் வந்தால், பழைய வரிமுறையில் 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய வரிமுறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது. இன்றைக்குப் பெரும்பாலான சம்பளக்காரர்கள் புதிய முறைக்கு வந்துவிட்டார்கள், ஆக அந்தச் சலுகையும் போச்சு. என் கருத்து, வாடகை வீட்டுக்குக் கடன் என்றால் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

மதுரைப் பக்கம் இன்னொரு வழி உண்டு, ஒத்தி. வீடு கட்டும்போது பணம் குறைந்தால் "ஒரு போர்ஷனை 4 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டுவிடு, பணம் கையோடு வந்துவிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். குடிவருபவர் 4 லட்சம் கொடுப்பார், வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். வட்டியில்லாக் கடன் மாதிரி தெரியும். மாதம் 6,500 வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள், வருடத்துக்கு 78,000. 4 லட்சத்துக்கு இது கிட்டத்தட்ட 20 சதவீத வட்டி! நகைக்கடனே இதைவிட மலிவு. தவிர, அந்தப் பணம் கட்டடத்தில் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறியிருக்கும். அவர் காலி செய்கிறேன் என்றால் அடுத்த ஒத்திக்காரர் கிடைக்கும் வரை அவருக்குக் கொடுக்க உங்களிடம் பணம் இருக்காது. போக்கியம் என்றும் சொல்லப்படும் இந்த ஒத்தி சட்டப்படி ஓர் அடைமானம், பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் ஊரில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு சரி. பிரச்சினை வந்தால் இரண்டு பக்கமும் திண்டாட்டம்.

என்ன கட்டுவது, எப்படிக் கட்டுவது

சிறிய போர்ஷன்கள் பல இருப்பதுதான் வாடகைக்கு நல்லது. ஒரே பெரிய வீடு காலியானால் வரவு பூஜ்யம்; நாலில் ஒன்று காலியானால் முக்கால் வரவு வந்துகொண்டிருக்கும். ஆனால் போர்ஷன் கூடக் கூடக் கழிவறை, சமையலறை, குழாய் வேலை எல்லாம் கூடும், சதுர அடிச் செலவும் ஏறும். 400 சதுர அடிக்குக் கீழே போகாதீர்கள். அந்த அளவில் குடும்பம் நிலைக்காது, ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெயிண்ட் செலவு.

அனுமதியில் ஏமாற்று வேலை வேண்டாம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. நாலு குடும்பம் இருக்கும் கட்டடத்துக்கு அந்த வழி சரிப்படுமா, வண்டி நிறுத்த எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை வரைபடம் போடும் இன்ஜினியரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒரு குடும்ப வீடு என்று வரைபடம் காட்டிவிட்டு நாலாகத் தடுப்பவர்கள் மின் இணைப்புக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

மின் இணைப்பு என்றதும் நினைவு வருகிறது. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் வாங்கியே தீர வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு இணைப்பு என்றால் நாலு குடும்பத்துக்கும் அது கிடைக்கும். ஒரே இணைப்பில் சப் மீட்டர் வைத்து ஓட்டினால் எல்லார் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து 500-ஐத் தாண்டி, மேல்படிக் கட்டணத்துக்குப் போய்விடும். அந்தச் சுமையைக் குடியிருப்பவர் தலையில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று ஏற்றும் வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல குடித்தனக்காரர் முதலில் கேட்கும் கேள்வியே "தனி மீட்டரா?" என்பதுதான். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது இணைப்பு தனியாக இருக்கட்டும்.

மற்றதில் கவனம் வைக்க வேண்டியது தண்ணீர். பக்கத்து வீடுகளில் போர் எத்தனை அடி, சித்திரையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் நாலு குடும்பத்துக்குச் சின்ன செப்டிக் டேங்க் கட்டினால் வருடம் தவறாமல் லாரி கூப்பிட வேண்டியிருக்கும். டைல்ஸ் விலை குறைவாக இருந்தால் பரவாயில்லை, குழாயும் வயரிங்கும் நல்ல சரக்காக இருக்க வேண்டும். துணி துவைக்கக் கல், காயப்போடக் கம்பி, டூவீலர் நிறுத்த நிழல், இது மூன்றும் இருந்தால் ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பார்கள். பூஜையறைக்கு அலங்காரக் கதவெல்லாம் வாடகை வீட்டில் வீண்.

யார் பார்த்துக்கொள்வது

ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று போன் வரும். கீழ்வீட்டுக்காரர் வண்டியை மேல்வீட்டுக்காரர் வழியில் நிறுத்துவார். வாடகை ஐந்தாம் தேதி என்று பேசியது பத்தாகி, பதினைந்தாகும். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் செய்ய முடியாது. "அத்தைதான் பக்கத்திலேயே இருக்கீங்களே" என்றான். என் மூன்று போர்ஷனைப் பார்க்கவே எனக்குத் தெம்பு சரியாக இருக்கிறது, உன்னுடையதையும் பார்க்க மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். சொந்தக்காரரைச் சம்பளமில்லாத வாட்ச்மேன் ஆக்கும் திட்டம் எந்தக் குடும்பத்திலும் நெடுநாள் ஓடியதில்லை. உள்ளூரில் ஒருவரை வைத்தால் வாடகையில் பத்தில் ஒரு பங்காவது கொடுக்க வேண்டும், அதையும் செலவில் எழுதுங்கள். நம் கணக்கில் அதைக் கழித்தால் நாலரை சதவீதம் நாலாகிவிடும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பத்து மாத அட்வான்ஸை வைத்து மேல்மாடி கட்டலாம் என்ற பழைய கணக்கு இனி வேண்டாம். வாடகை தரவில்லை என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதும் சட்டப்படி கூடாது, எவ்வளவு கோபம் வந்தாலும். பலர் பதிவு செய்யாமலே விடுகிறார்கள். தகராறு வந்து வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

அண்ணன் மகனுக்குச் சொன்னது

நாலு போர்ஷனை ஒரே மூச்சில் கட்டாதே என்றேன். அவன் கையில் 30 லட்சம் சொச்சம் இருக்கிறது. அதில் பாதியை அம்மா பெயரில் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் அண்ணிக்கு மாதம் பத்தாயிரம் நிச்சயம். மகன் அம்மாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி கிடையாது. மனையைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் எழுப்பி, கருவேலத்தை வெட்டிவிட்டு, போர் மட்டும் போட்டு வை. தங்கையோடு பத்திரத்தை முடி. இது எதற்குமே கட்டடம் வேண்டியதில்லை, ஆனால் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வேண்டியவை.

மூன்று வருடம் கழித்து மறுபடி பணம் சேர்ந்து, அப்போதும் ஆசை இருந்தால் கீழே இரண்டு போர்ஷன் மட்டும் கட்டலாம், அஸ்திவாரமும் தூணும் மாடிக்கும் தாங்கும்படி. முதல் கட்டத்தில் வருமான விகிதம் இன்னும் மோசமாகத்தான் தெரியும், ஏனென்றால் சம்ப், செப்டிக் டேங்க், அஸ்திவாரம் எல்லாவற்றின் செலவும் அப்போதே விழுந்துவிடும். மேலே கட்டும்போது அது ஈடாகும். தூணில் மேலே நீட்டி விடும் கம்பிகளை வெயிலிலும் மழையிலும் அப்படியே விடாமல், மெல்லிய கான்கிரீட் போட்டு மூடச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த கம்பியில் பிறகு மாடி ஏற்றுவது ஆபத்து. இரண்டு வருடம் அந்த இரண்டு வீட்டையும் வாடகைக்கு விட்டுப் பார்த்தால், மேலே கட்டத் தகுதியான இடமா என்பதைக் குடியிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஆவணியிலிருந்து மார்கழிக்குள் வரைபடம், அனுமதி, கான்ட்ராக்டர் பேச்சு எல்லாம் முடித்துக்கொண்டு, மழை ஓய்ந்ததும் தையில் வானம் தோண்டினால் 1,000 சதுர அடி வைகாசிக்குள் முடியும். பள்ளி திறக்கும் நேரத்தில் போர்டு மாட்டிவிடலாம். கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஆனியைத் தாண்டினால், ஆவணி வரை சாவி உங்கள் கையில்தான் இருக்கும்.